ஏறிக்கொண்டே போகும் கிரெடிட்

மல்வேர்ன் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீற்றில் இரண்டு பெண்கள், வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்கள். மூத்தவர் சொன்னது என் காதில் விழுந்தது.

"நான் இப்ப வீட்டில கோட்டோடதான் படுக்கிறன்."

"ஏன் அன்ரி, ஹீற்றர் வேலை செய்யேல்லையோ?"

"அது செய்யுது. நான்தான் குறைச்சு வைச்சிருக்கிறன். ஹீற்றர் எரியிற காஸுக்கு மாசாமாசம் ஒரேயளவு காசு ஒழுங்காக் கட்டுறன், பிள்ளை. ஆனா பில்லில கிரெடிட் ஏறிக்கொண்டே போகுது. உதை எப்பிடிக் கட்டி முடிக்கிறதெண்டு நித்திரை வருகுதில்லை."

இளையவள் அவர் நீட்டிய போனில் பில்லைப் பார்த்தாள்.

"அன்ரி, உது கடனில்லை. நீங்கள் கூடக் கட்டின காசு. கொம்பனிதான் உங்களுக்குத் தரவேணும்."

"கிரெடிட் எண்டாக் கடன்தானே? கிரெடிட் கார்ட்டில அப்பிடித்தானே?"

"இதில அப்பிடியில்லை. கோல் பண்ணிக் கேட்டாத் திருப்பித் தருவினம்."

மூத்தவர் போனை வாங்கிக் கைப்பைக்குள் வைத்தார்.

"அப்ப நான் ஹீற்றரைக் குறைக்கக் குறைக்க அது கூடினது, அதாலதானோ?"

"ஓம் அன்ரி."

மூத்தவர் குரலைத் தாழ்த்தினார்.

"வீட்டுப் பக்கம் வந்தா இவரிட்ட உதைச் சொல்லிப்போடாதை. அவரையும் கோட்டோடதான் படுக்க வைச்சனான்."