வைகாசியில் ஒரு கோவா

வைகாசி மாதத்தில் போர்வை தேடினேன் என்றால் இரணைமடுப் பக்கத்தில் யாரும் நம்பமாட்டார்கள், ஐயா. இந்த வருடம் தேடினேன். நாட்கணக்கில் வானம் மூடிக்கிடந்தது. என் வீட்டுத்தோட்டத்தில் தக்காளி பச்சையாகவே நின்றது, மிளகாய்ப் பூ கொட்டியது, பாகல் இலையில் சாம்பல் பூத்தது. கொடியும் நானும் ஒரே மாதிரிச் சோர்ந்து கிடந்தோம்.

பக்கத்து வளவு ராசு மலையகத்திலிருந்து வந்தவன். பழக்கதோஷத்தில் கோவா, அதுதான் குளிர்நாட்டு முட்டைக்கோசு, நட்டான்.

"ராசு, இஞ்ச வைச்சா அவிஞ்ச கோவாதான் வரும். நீ உப்பை மட்டும் போடு" என்றேன்.

தேத்தண்ணிக் கடை அதை இரண்டு மாதம் சொல்லிச் சிரித்தது. ஊரில் எனக்கிருந்த ஒரே மரியாதை அந்தச் சிரிப்புத்தான்.

குளிருக்குக் கோவா உருண்டு திரண்டது. ராசு கடையில் வைத்துச் சொன்னான்: "அண்ணே, ஏங் கோவா வேகல. ஒங்க மொளகாதான் வெறைக்குது. போர்வை போத்தி விடுங்க."

கடை சிரித்தது. நானும் சிரித்தேன்.

அன்று பின்னேரம் வேலியால் கைவிட்டு அவன் கோவாக்களுக்குக் களைகொல்லி ஊற்றினேன். தண்ணீர் கலக்கவில்லை, அலுப்பு. வெயிலுக்கு மறுநாளே இலை கருகும், அவன் முகமும் கருகும் என்றுதான் நினைத்தேன். வெயில் வரவில்லை. இலைகள் பளபளவென்று நின்றன.

மூன்றாம் நாள் ராசு வேலிக்கு வந்தான். முதல் வெட்டில் பாதி அடுத்த வளவுக்கு என்பது எங்கள் இருவரின் வழக்கம்.

"இந்தாங்கண்ணே. கோவிச்சுக்காதீங்க, வெளையாட்டுக்குத்தான் சொன்னேன்."

அப்போது சொல்லியிருக்கலாம். பிறகு கடையில் எந்த முகத்தோடு இருப்பது? வாங்கிக்கொண்டேன். ஆழமாகப் புதைத்து, கோழிகள் கிளறாமல் மேலே கல்லும் வைத்தேன். வாயில்லாச் சீவன்கள் என்றால் எனக்கு மனம் இளகிவிடும்.

மத்தியானம் அவன் மனைவி மீனம்மா தாளித்த மணம் வந்தது. அவள் சமைத்து வைத்துவிட்டு வயல் வேலைக்குப் போய்விட்டாள். சாப்பிட்ட கையோடு ராசு வேலிக்கு மேலால் கேட்டான்: "எப்படிண்ணே ருசி?"

"நல்ல ருசி."

ஆஸ்பத்திரியில் அவனிடம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார்கள். "கோவாதான். ஆனா அண்ணனும் சாப்பிட்டாரே, அவருக்கு ஒண்ணுமில்லியே" என்றான். டொக்டர் என்னைப் பார்த்தார். "ஓம், நானும் சாப்பிட்டனான்" என்றேன். அதோடு கோவாவை விட்டுவிட்டு வேறு காரணம் தேடினார்கள். ஐந்தாம் நாள் ராசு போய்விட்டான்.

இன்றைக்குத்தான் வெயில் வந்திருக்கிறது. இரண்டு தக்காளி சிவந்துவிட்டன. இந்த வெயில் ஒரு கிழமை முந்தி அடித்திருந்தால் ராசு இருந்திருப்பான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.