அமாவாசைப் பந்தி

ஒரத்தநாடு போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒருவர் மனநலக் காப்பகத்தில் சமைப்பவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“அமாவாசை வந்தாலே எரிச்சலா வருதுக்கா. வடை பாயசத்தோட யாராவது வந்து நின்னுடுறாங்க.”

“நல்லதுதானேடி, உனக்கு வேலை மிச்சம்.”

“என்னத்த மிச்சம்? சாப்பாட்டுல ஏதாச்சும் கலந்திருக்குமோன்னு அங்க சிலருக்குப் பயம். நான் சமைச்சா முதல் வாய் நான் சாப்பிட்டுக் காட்டணும். அதே மாதிரி ஒரு வாய் சாப்பிடுங்கன்னு இன்னிக்குக் கொண்டாந்தவங்கள கெஞ்சுனேன். போட்டோ மட்டும் நின்னு நிதானமா எடுத்தாங்க. சாப்பிடச் சொன்னா, ‘நாங்க விரதம்’னுட்டாங்க.”

“அப்புறம்?”

“‘அப்ப நாங்களும் விரதம்’னு ஒருத்தர் இலையை மூடினாரு. பந்தியில அத்தன பேரும் மூடிட்டாங்க. நான் போய் உலை வச்சேன்.”