எடைக்கு எடை சீனி

ஈப்போ கோயிலில் துலாபாரத்துக்கு நின்ற வரிசையில், எனக்கு முன்னால் நின்ற பெண் தன் தோழியிடம் சொன்னாள்:

"நான் எளைச்சதுல முருகனுக்குத்தான் நட்டம்க்கா."

"என்னாடி சொல்ற?"

"முட்டி வலி போயி இந்தப் படியேறிட்டா எடைக்கு எடை சீனி தாரேன்னு வேண்டிக்கிட்டேன்லா. சோத்தக் கொறைச்சு, கீரையும் மீனும் கூட்டி, சாயங்காலம் நடந்து, எடை மெல்ல மெல்லத்தான் எறங்குச்சு. இன்னைக்கு ஏறிட்டேன். ஆனா சீனியும் கொறைஞ்சிருச்சே. அன்னைக்கு இருந்த எடைக்குக் குடுக்கணுமோ?"

"பட்டினி கெடந்தியா?"

"இல்லக்கா, மூணு வேளையும் சாப்பிட்டேன்."

"அப்ப ஒன்ன எளைக்க வச்சதே அவருதான். கொறைஞ்ச சீனிய அவரே வேணாம்னுட்டாரு. அவரும் இப்ப சீனி போடாத தே கோசோங்தான் குடிக்கிறாரு போல."

அவள் சிரித்தாள். முறை வந்ததும், யார் கையையும் பிடிக்காமல் தராசில் ஏறி உட்கார்ந்து, முருகா என்று கும்பிட்டாள்.