பின்சக்கரத்துல சத்தம்

நகராத. பைக் சக்கரத்த ரெண்டு கையாலயும் பிடி. நான் சுத்தியல்ல அடிக்கிறப்ப உன் விரல் உள்ள வந்துச்சுன்னா, விரலும் பேரிங்கும் சேந்துதான் வெளிய வரும்.

பயப்படாத. போன வாரம் ஒருத்தனுக்கு நகம் மட்டுந்தான் போச்சு.

அரைக்கிற சத்தம் வருதுன்னு சொன்னேல்ல? வராம என்ன பண்ணும்? பேரிங் குண்டெல்லாம் செவந்து துருப்பிடிச்சுக் கெடக்கு. ஆத்துல எறக்கினியா? இல்லையா. மழையா? நாரின் மலைப்பக்கம் இந்தக் கோடைக்கு எங்கடா மழை பேஞ்சுது?

சரி விடு. புதுசு வைக்கும்போது வெளி வளையத்துலதான் அடிக்கணும். உள் வளையத்துல அடிச்சா குண்டு செத்துரும். அப்புறம் கணவாய் எறக்கத்துல சக்கரம் பூட்டிக்கும். கோக்-போரு ஆட்டத்துல குதிரைக்காரனுங்க பிச்சுப் போட்ட ஆடு மாதிரி கெடப்ப.

ஏன் வாசலையே பாக்குற? அச்சு என் கையில இருக்கு. சக்கரம் இல்லாம எங்க போவ? வேல முடியட்டும், கிண்ணத்துல புளிச்ச குதிரப்பால், குமிஸ் இருக்கு, குடிக்கலாம்.

செயினப் பாரு. செயின் நல்லாருக்கு. பல்சக்கரத்துல ஒரு பல்லு மட்டும் வளைஞ்சிருக்கு. தேஞ்சா எல்லாப் பல்லும் சேந்து தேயும். ஒண்ணு மட்டும் வளைஞ்சா, ஓடுற சக்கரம் சட்டுனு நின்னிருக்குன்னு அர்த்தம். எதோ சிக்கியிருக்கு.

ஆட்டுக்கயிறா? ஓ. ஆட்டுக்கயிறு.

எனக்கு ஒரு மக இருந்தா. சைராகுல். பனி உருகுற நேரத்துல செத்தா. பொண்ணத் தூக்கிட்டுப் போய்க் கட்டிக்கிற கழுதைங்க இன்னும் இருக்கானுங்கல்ல, அதுல ஒருத்தன். பஸ்ஸுக்கு நின்னவள, யாரு பொண்ணுன்னுகூடக் கேக்காம தூக்கியிருக்கான். ஆள் யாருன்னு போலீசுக்குத் தெரியல. தேடினாத்தான தெரியும்.

தலையில வெள்ளத் துணியப் போட்டுட்டா பொண்டாட்டி ஆயிடுவாளாம். வீட்டுக்குக் கொண்டுபோனதும் ஆத்தாக்காரி போடுவா. இவன் அவசரக்காரன். வழியிலயே போட்டுக் கட்டி, பின்னால உக்கார வச்சிருக்கான். நுனி தொங்குமே, பின்சக்கரம் சுத்துமேன்னு தோணல அந்த முட்டாளுக்கு.

கழுத்து ஒடிஞ்சு கெடந்தா. சுத்தி அறுத்திருந்துச்சு, கயித்துல தொங்கினவ மாதிரி. துணியில பாதிதான் இருந்துச்சு. மீதிய எல்லாரும் ஆத்தோரம் தேடினாங்க. நான் தேடல. இந்தக் கணவாய்க்குக் கீழ பைக் ரிப்பேர் கடை இது ஒண்ணுதான். அச்சுல நூல் சுத்தினா பேரிங்க மூடியிருக்கிற ரப்பர் சீலக் கிழிக்கும். மண்ணும் தண்ணியும் உள்ள போகும். பேரிங் அரைக்கும். அரைச்சா வந்துதான ஆகணும்? அவ செத்ததுல இருந்து எவன் வண்டி வந்தாலும் பின்சக்கரத்தக் கழட்டிப் பாத்துட்டுதான் விடுறேன்.

எந்திரிக்காத.

இந்தா, உன் அச்சுலேருந்து பிரிச்சு எடுத்தது. உன் ஆட்டுக்கயிறு. வெள்ள நூல் தெரியுதா? அதோட பின்னிக்கிட்டு இருக்கே, கறுப்பா, முழ நீளத்துக்கு? எந்த ஆட்டுக்குடா இப்படி முடி வளருது?

கத்தாத. கதவுக்கு வெளிய நிக்கிறது அவ அண்ணனுங்க ரெண்டு பேரு. நான் கூப்பிடாம உள்ள வரமாட்டானுங்க. அவனுங்களவிட நான் நல்லவன்.

சக்கரத்த விடாத. கை ரெண்டும் அப்படியே இருக்கட்டும். வெளி வளையத்துலதான் அடிக்கணும்னு சொன்னேன்ல?

அது பேரிங்குக்கு.