இரண்டு நொடி முந்தி

கதவைச் சாத்திவிட்டுக் கிட்ட வந்து உட்காருங்கள்.

இரவு பதினொன்றே முக்கால்... உப்பளத்துக்கு நடுவே ஒற்றைச் சாலை. அது முடியும் இடத்தில் வானொலிக் கோபுரம். என் கூட்டாளியின் மச்சான் அங்கே வயர்மேன். அவனுக்கு நடந்தது இது.

நாடு முழுக்க டிஜிட்டல் வானொலி வந்தாயிற்று. பழைய டிரான்ஸ்மிட்டரை அன்று நள்ளிரவில் நிறுத்தச் சொல்லி உத்தரவு. ஒப்பிட்டுப் பார்க்க மேசைமேல் இரண்டு ரேடியோப் பெட்டிகள், பழையது ஒன்று, டிஜிட்டல் ஒன்று. எதையும் பழைய பெட்டிதான் முதலில் சொல்லும். இரண்டு நொடி கழித்துப் புதியது அதையே சொல்லும். டிஜிட்டலின் குணம் அப்படி.

வயர்மேனின் தம்பி அன்றைக்குக் கடலில். படகில் இருந்தது பழைய பெட்டி. "புதுசு வாங்கித் தரேன்டா" என்று அண்ணன் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"சார், பதினொண்ணு அம்பத்தஞ்சுக்குப் படகுக்காரங்களுக்குக் காத்துச் செய்தி இருக்கு. அது முடியட்டுமே."

"ஒரு நாள் கேக்கலேன்னா குடியா முழுகிடும்? கண்ணு சொக்குது. இழுய்யா" என்றார் இன்ஜினியர்.

கைப்பிடியைக் கீழே இழுத்தான். டிரான்ஸ்மிட்டரின் இரும்பு அலமாரி பெருமூச்சு விட்டு அடங்கியது. சூடான வார்னிஷ் வாடை... ஃபியூஸ்களைப் பையில் போட்டுக்கொண்டு இன்ஜினியர் காரில் போய்விட்டார்.

பழைய பெட்டியில் வெறும் இரைச்சல். புதியது மட்டும் பக்கத்து அறையில் பேசுவதுபோல் தெளிவாகச் சொன்னது: புயல்காற்று, படகுகள் உடனே கரை திரும்பவும்.

கைப்பிடியைத் தூக்கிப் பார்த்தான். செத்த இரும்பு.

திடீரென்று இரைச்சல் நின்றது.

"அண்ணே... பெட்டி ஊமையாயிடுச்சு. காத்து எப்படின்னு சொல்லேன்."

தம்பியின் குரல். பின்னால் பலகையில் தண்ணீர் அறைகிற சத்தம். ஒன்று... இரண்டு... புதிய பெட்டியும் அதையே சொன்னது.

படகு திரும்பவில்லை. ஒரு பலகைகூட ஒதுங்கவில்லை.

இரண்டு பெட்டிகளையும் வீட்டுக்குக் கொண்டுவந்தான். பழையதில் பேட்டரியைக் கழற்றியும் பார்த்தான். தினமும் அதே நேரத்துக்குத் தம்பி அதில் காற்றைப் பற்றிக் கேட்டான். புதியது திருப்பிச் சொன்னது.

"தலையச் சுத்திக் கடல்ல வீசிட்டு வாங்க" என்றாள் பெண்டாட்டி.

"வீசினா அவனை ரெண்டாந்தரம் முழுக்கின மாதிரி ஆயிடும்டி."

போன வெள்ளிக்கிழமை பழைய பெட்டியில் வேறு குரல். வாய் நிறையத் தண்ணீரோடு பேசுகிற குரல். வயர்மேனின் சொந்தக் குரலேதான்.

"வந்துட்டேன்டா தம்பி."

ஒன்று... இரண்டு...

புதிய பெட்டி பேசவில்லை.

அன்றிலிருந்து அதன் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறான். அது இன்னும் சொல்லவில்லை.