தடிமனா அப்பின நீலம்

ஹலோ... ம், நான்தான்... மெதுவா பேசு, ஒர்க்‌ஷாப்லதான் இருக்கேன், டூல் ரூம்ல... இல்ல, சாப்பிடல. பசிக்கல.

...உன் தம்பியா? அவனுக்கென்ன, ஜோரா இருக்கான். புருஷன் எப்படி இருக்கான்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டியா?... ஆமா, ஆமா, பொறாமைதான். வயிறு எரியுது, போதுமா?... அவன இங்க சேத்து விட்டதே நான்தான். மூணே வருஷம், ஃபோர்மேன் அவன் தோள்ல கை போட்டுக்கிட்டு நடக்கிறாரு. என் தோள் பதினெட்டு வருஷமா இங்கதான கிடக்கு?

...ம், ஆமா, அந்த பாய்லர் மூடிதான். ஆளுக்கு ஒண்ணு. எவன் மூடி முதல்ல கச்சிதமா உக்காருதோ அவன்தான் இனி ஹெட் ஃபிட்டர்... அட, எத்தனை தடவ சொல்றது! நடுவுல ரப்பர் கிடையாதும்மா, இரும்பு மேல இரும்பு. மட்டம் பாக்கற இரும்புத் தட்டுல நீல மைய மெல்லிசா பூசி, மூடியக் கவுத்து வெச்சு நகத்தணும். மேடான எடத்துல மட்டும் நீலம் ஒட்டும். அதச் சுரண்டணும். மறுபடி வெக்கணும். மூடி பூரா புள்ளி விழற வரைக்கும்... உன் தம்பிக்கா? காலையிலயே முக்கால்வாசி வந்துடுச்சு. எனக்கு ஓரத்துல நாலே நாலு புள்ளி.

...ஒண்ணும் பண்ணல... பண்ணலன்னு சொல்றேன்ல!... சரி, பண்ணேன். அவன் கை கழுவப் போனப்போ தட்டுல நீலத்தத் தடிமனா அப்பிட்டேன்... அப்படி இருந்தா பள்ளத்துலயும் ஒட்டும். எல்லாம் சரின்னு பொய் சொல்லும். அவன் நம்பிடுவான், டெஸ்ட்ல ஒழுகும், மூக்கு உடையட்டும்னுதான்... ம்... திட்டு. கேட்டுக்கறேன்.

...இல்ல, அவன் மூடிய அதுல வெக்கவே இல்ல. அதுக்குள்ள ஃபோர்மேன் வந்துட்டாரு. சீனியராச்சேன்னு என் மூடியத் தூக்கி வெச்சாரு... ஆமா. அதே தட்டுல... பூரா நீலம்! ஒரு எடம் பாக்கி இல்ல. என் தோள்ல கை போட்டாரும்மா... எப்படி வாயத் திறப்பேன், நீயே சொல்லு?... உன் தம்பியா? கட்டிப் பிடிச்சுக்கிட்டான். "மாமான்னா மாமாதான்"னு ஊருக்கே கேக்கற மாதிரி கத்தறான், முட்டாப்பய.

...மாட்டியாச்சு. இப்போ கொதிக்கிற ஆவிய உள்ள விட்டு ஒழுகுதான்னு பாப்பாங்க... ஒழுகினா ஃபோர்மேன் ரெண்டு வார்த்தை கேப்பாரு, அவ்வளவுதான்... என்னது?... பக்கத்துல யாரு நிக்கறதா? யாராவது நிப்பாங்க, எனக்கென்ன... இரு. ஜன்னல் கண்ணாடி வழியா பாக்கறேன்...

ஐயோ.

...அவன்தான். என் மூடின்னு ஆவி வால்வ அவனே திறக்க வந்திருக்கான்... சிரிச்சுக்கிட்டு நிக்கறான்மா... குனியறான், மூஞ்சி மூடிக்கு நேரா...

நீ ஃபோன வையி! மச்சான்! டேய் மச்சான், கைய எடு! திறக்காத! என் மூடி சரியில்லடா, நீலத்த அப்பினது நான்தான்...