பேச்சியம்மாளிடம் சொல்லாத எட்டு மாதம்

"படுங்கலே! குப்புறப் படுங்க!"

முன்னால் யாரோ கத்துகிறார்கள். படுக்கிறோம். முகம் மண்ணில். விமானம் ஒன்றுதான். தாழப் பறக்கிறது. தையல் மிஷினை வேகமாக மிதிப்பது போல ஒரு சத்தம். மூங்கில்கள் முறிகின்றன. பிறகு அமைதி. ஒரு மாடு மட்டும் கதறுகிறது.

1942. மாசி மாதம். பர்மாவில் புரோம் நகரை விட்டுக் கிளம்பிய ஆறாவது நாள். ரங்கூனில் குண்டு விழுந்தபின் மலைப் பாதையில் இந்தியாவுக்கு நடந்த கூட்டம் நாங்கள். எனக்குப் பத்தொன்பது வயது. ரங்கூன் தையல் கடை ஒன்றில் காஜா எடுத்துக்கொண்டிருந்தவன். புரோமில் பழக்கமாகி என்னோடு நடந்தவர் வேலாயுதம். வாசுதேவநல்லூர்க்காரர். அவர் மனைவி பிள்ளை பெற்றுப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. நடக்க முடியாது. பக்கத்து வீட்டுப் பர்மியக் குடும்பத்திடம் ஒப்படைத்திருந்தார். ஊர் போய்ச் சேர்ந்ததும் எப்படியாவது அழைத்துக்கொள்வதாகச் சொல்லி வந்தவர்.

ஒன்பதாம் நாள். அவருக்குக் காலரா. ஒரு தேக்கு மரத்தடியில் சாய்த்தேன். கூட்டம் நிற்கவில்லை. என் செருப்பு முந்தின நாளே அறுந்துபோயிருந்தது. பாதம் முழுக்க வெடிப்பு. இரத்தம். அவர் காலில் கான்வாஸ் ஷூ. கழற்றினேன். உயிர் இருந்தது. கால்விரல்களை மடக்கி இறுக்கிக்கொண்டார். நான் இழுத்தேன்.

"ஏலே, போயிராதலே!"

போனேன். வளைவு திரும்பும்வரை கேட்டது. மூன்று தடவை.

பிழைத்தேன். தென்காசியில் தையல் கடை வைத்தேன். வாசுதேவநல்லூருக்குப் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். இருபத்திரண்டு வருடம் அந்தப் பக்கம் போகவில்லை.

1964. ஐப்பசி. பர்மாவில் கடைகளை அரசாங்கமே எடுத்துக்கொண்டுவிட்டது. நம் ஜனங்கள் கப்பலில் மெட்ராஸ் வந்து, அங்கிருந்து ரயிலில் வருகிறார்கள். ஸ்டேஷனில் அவர்களை எதிர்கொள்ள ஊரில் பத்துப் பேர் சேர்ந்தோம். முதலில் பெயர் கொடுத்தவன் நான். நல்ல மனசு என்றார்கள். என்ன மனசு என்று எனக்குத் தெரியும்.

ரயில் நிற்கிறது. மழை. ஒருவர் காபி ஊற்றுகிறார். நான் பெயர் எழுதுகிறேன். மெலிந்த பெண் ஒருத்தி. நெற்றியில் பெரிய குங்குமம். பக்கத்தில் மகள்.

"பேச்சியம்மா. இவ எம் மவ தங்கம்."

"வீட்டுக்காரர் பேரு?"

அவள் வாயால் சொல்லவில்லை. மகள் சொன்னாள். வேலாயுதம்.

"வாசுதேவநல்லூரு. நாப்பத்திரெண்டுல நடந்து வந்தாவ. நீங்க பாத்திருக்கியளா அண்ணாச்சி?"

பேனா நின்றது.

"இல்லம்மா."

குற்றாலத்தில் சீசன் முடிந்து ஒரு சத்திரம் காலியாகக் கிடந்தது. வந்தவர்களை அங்கே தங்கவைத்தோம். அரிசி கொண்டுபோனேன். பெண்களுக்கெல்லாம் ரவிக்கை தைத்துக் கொடுத்தேன். பேச்சியம்மாள் வாசுதேவநல்லூர் போய் விசாரித்தாள். அவர் வந்து சேரவே இல்லை என்றார் கொழுந்தன். அவள் நம்பவில்லை. ஆட்கள் வரும் ரயிலுக்கெல்லாம் எங்களோடு ஸ்டேஷனுக்கு வந்தாள். இறங்குகிற ஒவ்வொருவரிடமும் கேட்டாள். நாற்பத்திரண்டில் நடந்தவர்கள் யாராவது உண்டா? பக்கத்தில் நான். கையில் காபித் தம்ளர்.

வைகாசி வந்தது. சாரல் தொடங்கினால் குளிக்க வருகிறவர்களுக்குச் சத்திரம் வேண்டும். வெளியூர் மில் ஒன்றில் வேலையும் வீடும் தருவதாக ஏற்பாடாகியிருந்தது. பட்டியலில் தங்கத்தின் பெயரும் இருந்தது. லாரி வந்து நிற்கிறது. பேச்சியம்மாள் ஏற மறுக்கிறாள்.

"அவிய தேடி இங்கனதான் வருவாவ. நான் வேற ஊரு போயிட்டா எப்படிக் கண்டுபிடிப்பாவ?"

தங்கம் என்னைப் பார்த்து அழுதாள். "மாமா, நீங்களாச்சும் சொல்லுங்களேன்."

நான் சொல்லவில்லை. காலை எட்டரை. லாரி கிளம்பியது. அந்த வீடு வேறு குடும்பத்துக்குப் போயிற்று.

அன்று மத்தியானம் சொன்னேன். அருவிக்குக் கீழே, பாறையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாம் சொன்னேன். தேக்கு மரம். ஷூ. மடங்கிய விரல்கள். மூன்று தடவை கூப்பிட்டது.

உட்கார்ந்துவிட்டாள்.

"நானா இருந்தாலும் ஓடித்தான் இருப்பேன் அண்ணாச்சி. அந்தக் காட்டுல யாரு நிப்பா?"

கையெடுத்துக் கும்பிட்டேன்.

"கும்பிடாதிய. இங்கன உங்கள யாரும் சுடலியே. எட்டு மாசம் எம் பக்கத்துலயே நின்னியளே. இன்னைக்குக் காலைல சொல்லியிருந்தாக்கூட எம் மவளுக்கு ஒரு வீடு கெடச்சிருக்கும்லா."

ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினேன். பட்டியல் முடிந்துவிட்டது என்றார்கள். தாயும் மகளும் கொழுந்தன் வீட்டுத் தொழுவத்தை ஒட்டி ஓலைச்சாய்ப்பு இறக்கிக்கொண்டார்கள். தங்கம் களையெடுக்கப் போனாள். நான் அனுப்பிய அரிசி மூட்டை இரண்டு முறையும் பிரிக்காமல் திரும்பி வந்தது. அடுத்த ரயிலுக்கு நான் ஸ்டேஷன் போகவில்லை. பெயர் எழுத வேறு ஆள் போட்டார்கள்.

புரோமிலிருந்து எங்கள் கூட்டத்தில் கிளம்பியவர்கள் நாற்பத்தொரு பேர். இக்கரை சேர்ந்தவர்கள் பதினேழு பேர். இல்லாமற்போன இருபத்துநான்கு பேரில் இருபத்துமூன்று பேரை யுத்தம் கொண்டுபோனது. வேலாயுதத்தை யுத்தமும் நானும்.

தங்கத்தின் வீட்டை நான் மட்டும்.